நாற்பத்தெட்டு வினாடியும் மீதியும்

பேச்சியம்மாளுக்கு நடந்தது அநியாயம். அதில் ஜெசிந்தாவுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. முதலாண்டு ஆராய்ச்சி மாணவி, செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவரின் மகள், அவர்கள் காலனியிலிருந்து பல்கலைக்கழகப் படியேறிய முதல் பெண். கருத்தரங்க மேடையில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு நாற்பத்தெட்டு வினாடி பதில் சொல்லாமல் நின்றுவிட்டாள். அந்த நாற்பத்தெட்டு வினாடியை மட்டும் நறுக்கியெடுத்து, 'இட ஒதுக்கீட்டு ஆராய்ச்சியின் லட்சணம் இதுதான். உதவித்தொகைக்குக் கை நீளுகிறது, கேள்விக்கு வாய் நீளவில்லை' என்று மேலே எழுதித் தன் முகநூல் பக்கத்தில் ஏற்றிவிட்டான் பரணிதரன். பொழுது சாய்வதற்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். யூடியூப்காரன் ஒருவன் பின்னணியில் ஆடு கத்துகிற சத்தத்தைச் சேர்த்தான். பேச்சியம்மாள் விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போய் இன்றோடு இருபத்துமூன்று நாள். இந்த அநியாயத்தைச் செய்தவன் இப்போது பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் ஜெசிந்தாவுக்கு எதிரில், ஒரு மேஜை அகலத்தில், மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "ஆரம்பிப்போமா ஜெசி? படிவம் நூத்தித் தொண்ணூத்தாறு," என்றான். "சரிண்ணா," என்றாள் அவள்.

மணி இரண்டரை. மின்விசிறி இரண்டாம் எண்ணுக்கு மேல் வைத்தால் தாள்கள் பறக்கும் என்பதால் இரண்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்குவது தெரிந்தது. படிவங்களை ஒப்புப் பார்க்கும் வேலை. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அறுநூறு பேரைக் கேட்டு எழுதிய படிவங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்வி. ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், மற்றவர் கணினியில் ஏற்றியிருப்பதைப் பார்த்துச் 'சரி' சொல்ல வேண்டும். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு, பதில் சொல்லாமல் விட்டிருந்தால் ஒன்பது. அறுநூறு பிள்ளைகளின் வாழ்க்கையும் பெரும்பாலும் இந்த மூன்று எண்ணுக்குள்தான் இருக்கிறது. "பதினொன்னு, தகப்பனார் எழுதப் படிக்கத் தெரிந்தவரா, ரெண்டு." சரி. "பன்னெண்டு, தாயார், ரெண்டு." சரி. "பதினாலு, வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயக்கம் உண்டா, ஒன்னு." சரி. என்ன குரல் இவனுக்கு. வானொலியில் வேலைக்குப் போயிருக்கலாம். தயக்கம் உண்டா என்று வாசிக்கும்போது அந்தக் குரலில் ஓர் ஏற்ற இறக்கமும் இல்லையே, கொஞ்சம் நெருடாதா, தொண்டையில் ஒரு முள்ளாவது குத்தாதா? குத்தவில்லை. "பதினஞ்சு, ஒன்பது." சரி. படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனாலும் ஒவ்வொரு தாள் புரளும்போதும் இது பேச்சியம்மாளுடையதாக இருக்குமோ என்று ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். தகப்பன் தொழில் செங்கல் சூளை என்று வந்துவிட்டால் என்ன செய்வது, சரி என்று சொல்வதா? வந்தது வயல் கூலி. சரி. அடுத்தது பனையேற்று. சரி. வாசிக்கிறவன் நடுவில் வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றி வாசிப்பதும் இந்த வேலையில் உண்டு, எதிரில் இருப்பவர் தூங்கிவிடாமல் இருப்பதற்கு. கண்ணி வைக்கிறது என்பார்கள். கண்ணியில் விழுந்தவர் வடை வாங்கித் தர வேண்டும். மூன்று வருஷத்தில் ஜெசிந்தா ஒரே ஒரு தடவைதான் விழுந்திருக்கிறாள்.

கைப்பேசி மடியில், துப்பட்டாவுக்குக் கீழே, சூடாக இருந்தது. சூடாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுமில்லை, அவள் கைதான் அதை விடவில்லை. அதற்குள் பேச்சியம்மாளின் செய்தி திங்கட்கிழமையிலிருந்து கிடக்கிறது. 'அக்கா நல்லா இருக்கீங்களா. அந்த முழு வீடியோ உங்க போன்ல இருக்குல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அழிஞ்சிட்டுன்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள விசாரணைக் கமிட்டிக்குக் குடுக்கணுமாம். இருந்தா எனக்கு அனுப்புங்கக்கா, போதும்.' இன்று வியாழக்கிழமை. இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடமும் இருக்கிறது. அன்றைக்குக் கருத்தரங்கைப் படம் பிடித்தவளே ஜெசிந்தாதான், மையத்தின் ஆவணத்துக்கு என்று இயக்குநர் கதிரேசன் சார் சொன்னதால். அலுவலகக் கணினியில் அவள் ஏற்றிவைத்த நகலிலிருந்துதான் பரணிதரன் நறுக்கியெடுத்தான். நாற்பத்தெட்டு வினாடிக்கு அடுத்த வினாடியில் என்ன நடந்தது என்று ஊர் உலகத்தில் எவனுக்கும் தெரியாது, அந்த அரங்கில் இருந்த முப்பது பேரைத் தவிர. அந்த முப்பது பேருக்கும் இப்போது சரியாக ஞாபகம் இல்லையாம். பேச்சியம்மாள் தண்ணீர் குடித்தாள். 'தமிழ்ல சொல்லட்டுமா சார்?' என்று கேட்டாள். பேராசிரியர் தலையசைத்ததும் ஆரம்பித்தவள் ஒன்பது நிமிடம் நிறுத்தவில்லை. சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் எந்த மாதத்தில் பள்ளியிலிருந்து காணாமல் போகிறார்கள், வருகைப் பதிவேட்டில் அது எப்படி உடல்நலக் குறைவு என்று எழுதப்படுகிறது, ஊர் ஊராக, வகுப்பு வகுப்பாகச் சொல்லச் சொல்ல, கேள்வி கேட்டவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். கடைசியில் கைதட்டல். திரையின் இடது மூலையில் கட்டம் போட்ட நீலச் சட்டைக் கை ஒன்று தட்டுவது தெரியும். அது பரணிதரனின் கை. தட்டியிருக்கிறான்! பலமாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு. தட்டிவிட்டுப் போய் மறுநாள் அதைச் செய்திருக்கிறான். "இருவத்திரெண்டு, விடுதியில் பாகுபாடு, ஒன்பது," என்றான் எதிரில். இப்போதும் அதே நீலச் சட்டைதான், கைமடிப்பில் மைக்கறை. சரி.

அவளிடம் வாதம் இல்லாமல் இல்லை. கல்லூரியில் மேடையேறினால் எதிரணிக்காரர்கள் தண்ணீர் கேட்பார்கள், பரிசுக் கோப்பைகள் வைக்க வீட்டில் அலமாரி போதாமல் அம்மா இரண்டில் பருப்புக் கொட்டி வைத்திருந்தாள். பரணிதரனோடு மட்டும் எத்தனை சண்டை, தேநீர்க் கடையில், பேருந்தில், நூலகத்தின் பேசாதீர் பலகைக்குக் கீழே. "ஒங்கிட்ட வாதாடுனாத்தான் எனக்கு மூளை துருப்பிடிக்காம இருக்கு," என்பான், தோற்றால் ஒப்புக்கொள்ளவும் செய்வான், அதுதான் கொடுமை. அந்தப் பதிவு வந்த அன்று இரவெல்லாம் ஏழு வாதங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். ஒன்று, ஒருத்தி மௌனமாக நின்றதைப் படம் போட்டுக் காட்டுவது கருத்து ஆகாது, அடி. இரண்டு, அவள் பேர் தெரிகிற மாதிரி ஏன் போட்டீர்கள். மூன்று, அதே மேடையில் ஆங்கிலம் வராமல் திணறிய டீனை ஏன் போடவில்லை. நாலு, ஐந்து, எல்லாம் கூர்மையான வாதங்கள். மறுநாள் காலையில் உள்ளே வந்து, "நேத்து நீங்க போட்டத பாத்தேன்," என்று ஆரம்பித்ததும் அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "ஜெசி, அது என் பெர்சனல் ஒப்பீனியன். அந்தப் பக்கத்துல நான் வேற ஆளு. இங்க நான் ஒன்கூட வேலை பாக்கிற ஆளு. ரெண்டையும் கலக்காத." அவ்வளவுதான். ஏழு வாதமும் குறிப்பேட்டிலேயே நின்றது. ஏனென்றால் இங்கே இருக்கிற ஆள்மேல் சொல்வதற்கு அவளிடம் ஒரு குறையும் இல்லை. வேறு ஆளாம்! அந்த வேறு ஆள் எங்கே குடியிருக்கிறான், அவனுக்கு ஒரு மேஜை உண்டா, நாற்காலி உண்டா, பேச்சியம்மாள் அவனைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும்? இதைக் கேட்டிருக்கலாம். எட்டாவது வாதமாக. குளிக்கும்போதுதான் தோன்றியது. இரண்டு நாள் அவனை அண்ணா என்று கூப்பிடாமல் சார் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மூன்றாம் நாள் அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டது, "அண்ணா இங்க வாங்க" என்று வாய் தானாகவே கூப்பிட்டுவிட்டது. அவள் நடத்திய போராட்டம் அச்சுப்பொறியோடு முடிந்தது.

"முப்பது, ஒன்னு." சரி. இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்கத்தான் அது முன்னால் வருகிறது. போன வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்காமல் ஜெசிந்தா மருத்துவமனை வராந்தாவில் நின்று போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சபைக்காரர்கள், சொந்தக்காரர்கள், கோப்பை வாங்கிய காலத்துத் தோழிகள், எல்லாரும் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்கள். பரணிதரன் விசாரிக்கவில்லை, வந்து கையை நீட்டிப் படுத்துக்கொண்டான். யாருக்கு, என்ன ஆள், என்ன மதம் என்று ஒரு கேள்வி கிடையாது. ஆகவே அவன் ரத்தம் அம்மாவின் உடம்பில் ஓடுகிறது, இதற்கு எத்தனையாவது வாதம் பதில்? அம்மா தினமும் ஜெபத்தில், 'பரணி தம்பிய ஆசீர்வதியும் ஆண்டவரே' என்கிறாள், ஜெசிந்தா பக்கத்தில் முழங்காலிட்டு ஆமென் சொல்கிறாள். அதுவும் ஒரு சரிதான். அந்தப் பதிவை அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் பார்த்தாள். "யாரு இந்தப் புள்ள, பாவம், பயந்து நிக்கி," என்றாள், பிறகு, "போட்டது நம்ம பரணியா? அது தெரியாமப் போட்டிருக்கும்," என்றாள், பிறகு குரலை இறக்கி, "நமக்கு எதுக்குடி இது," என்றாள். மூன்றையும் ஒரே மூச்சில். பயம் என்றால் இதுதான் என்று ஜெசிந்தாவுக்கு அப்போது பட்டது. நடுக்கமெல்லாம் இல்லை. நல்ல மனசிலிருந்து நமக்கெதுக்கு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிற மூன்று படி. அவளும் அதே படியில்தான் நிற்கிறாள். மார்ச்சோடு இந்தத் திட்டம் முடிகிறது. அடுத்த திட்டத்துக்கான விண்ணப்பத்தைப் பரணிதரன்தான் எழுதுகிறான், அதில் ஆய்வு உதவியாளர் என்ற இடத்தில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான், அடுத்த வாரம் பேனாவால் எழுத வேண்டும். அது இல்லையென்றால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு தொங்கிப்போகும். அவன் ஒருபோதும் அதைச் சொல்லிக் காட்டியது இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! மிரட்டுகிறான் என்று எகிறியிருக்கலாம். இவன் கதவைத் திறந்தே வைத்திருக்கிறான், அவள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

"முப்பத்திமூணு, வீட்டில் உடன்பிறந்தோர், பன்னெண்டு." சரி. "மாட்டுனியா!" பரணிதரன் மேஜையைத் தட்டினான். "பன்னெண்டு இல்ல தாயி, ரெண்டு. பன்னெண்டு புள்ள பெத்திருந்தா அந்தம்மாவுக்கு அரசாங்கம் சிலை வச்சிருக்கும். இன்னைக்கு ரெண்டாவது தடவை விழுற, எனக்கு ரெண்டு வடை." இரண்டாவதா? முதல் தடவை எப்போது விழுந்தாள்? "அப்பமே விழுந்த. நான் சொல்லல, மொகம் வாடிக் கெடந்தேன்னு விட்டுட்டேன்," என்றான். அப்படியென்றால் இந்த ஒரு மணி நேரமாக அவன் எதை வாசித்தாலும் சரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போது பார்த்து முத்துலெட்சுமியக்கா, மையத்தின் உதவியாளர், தேநீர்த் தம்ளர்களோடு உள்ளே வந்தாள். "என்ன பரணி சார், யூடியூப்ல எல்லாம் வாரீங்க போல. எங்க தெருவுல ஒங்களத் தெரியாத ஆளில்ல," என்றாள். பாராட்டா குத்தலா என்று யாராலும் பிரிக்க முடியாத குரல். "அப்படியாக்கா, ஓட்டுப் போடுவாங்களா?" என்றான் அவன். "ஓட்டா? தொடப்பத்தத் தேடிட்டு இருக்காளுவ." இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள், சிரித்த பிறகு எதற்கென்று யோசித்தாள். முத்துலெட்சுமியக்கா போகிற போக்கில் அவள் பக்கம் குனிந்து, "அந்தப் புள்ளைக்க அப்பா நேத்து கேட் வரைக்கும் வந்துட்டுப் போனாராம்மா. கையில ஒரு கவரு. யாரப் பாக்கணும்னு வாட்ச்மேன் கேட்டதுக்கு, பேரு தெரியல, வீடியோ எடுத்த பொம்பளப்புள்ளன்னு சொல்லிருக்காரு. அப்படி யாரும் இல்லன்னு அனுப்பிச்சுட்டான்," என்றாள். தேநீரில் ஆடை படிந்திருந்தது. வீடியோ எடுத்த பொம்பளப்புள்ள. அப்படி யாரும் இல்லை. காவல்காரன் பொய் சொல்லவில்லை, நாலு நாளாக அப்படி யாரும் இல்லைதான். அந்த மனுஷர் எத்தனை பேருந்து மாறி வந்திருப்பார், உறைக்குள் என்ன இருந்திருக்கும், நெற்றி வேர்வையை எதால் துடைத்திருப்பார், அந்த வெயிலில் திரும்பி நடந்தபோது மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருப்பாரே. மணி மூன்று நாற்பது. கமிட்டி அலுவலகம் எதிர்க் கட்டடத்தில்தான், இறங்கி ஏறினால் நாலு நிமிடம். எழுந்திரு. எழுந்து போய்க் கொடு. அதுகூட வேண்டாம், ஒரு விரலால் அழுத்து, அனுப்பு, அவளே பார்த்துக்கொள்வாள். விரல் துப்பட்டாவுக்குக் கீழே அந்தப் பெயர்மேல் போய் நின்றது.

"ஜெசி," என்றான் பரணிதரன், தாள்களை நிமிர்த்தித் தட்டி அடுக்கியபடி. குரல் சாதாரணமாக இருந்தது. "அன்னைக்கு நீ எடுத்த முழு வீடியோ ஒன் போன்ல இருக்கா? இருந்தா கமிட்டிக்குக் குடுத்துரு. எனக்கு ஒன்னுமில்ல. நான் போட்டது என் கருத்து, அவ குடுக்கிறது அவ உரிமை. நீ எனக்காக யோசிக்காத, என்ன?" கண்ணாடிக்குள் இருந்து நேராகப் பார்த்தான். இது கண்ணியா? அந்த முகத்தில் தேடினாள். மேஜையில் நடக்கிற விளையாட்டுக்கு ஓர் உதட்டுச் சுழிப்பு வைத்திருப்பான், அது இல்லை. மெய்யாகவே கேட்கிறான். கொடு என்கிறான். இனி எதிரணியே கிடையாது, மேடை முழுக்க அவளுடையது, 'இருக்கு அண்ணா, இப்ப குடுத்துட்டு வந்துடுறேன்' என்று எழுந்தால் போதும், ஐந்து வார்த்தை. வாயைத் திறந்தாள். "இல்லண்ணா. போன்ல இடமில்லன்னு அப்பமே அழிச்சுட்டேன்," என்றாள். எங்கிருந்து வந்தது அது? யார் சொன்னது? அவன் புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. நிம்மதியா, ஏமாற்றமா, எதுவுமே இல்லையா, கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி, விடு," என்றான். இந்தத் தடவை அவன்தான் சொன்னான். "படிவம் இருநூத்தி நாலு."

வாசித்துக்கொண்டே போனான். அவளுக்கு எண்கள் காதில் விழுந்தன, சரியும் சொன்னாள், ஆனால் மனசு அந்த 'இல்லை'யைச் சுற்றிச் சுற்றி வந்தது, காலில் குத்திய கண்ணாடித் துண்டைத் தடவித் தடவிப் பார்ப்பதுபோல. இப்போது இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் இவனிடம் சொன்னது பொய் என்று ஆகும். அவன் கோபப்பட மாட்டான், 'ஏன் ஜெசி பொய் சொன்ன?' என்று மட்டும் கேட்பான். பேச்சியம்மாளிடம் உண்மையையும் இவனிடம் பொய்யையும் சொல்லிவிட்டு இந்த மேஜையில் எப்படி உட்காருவது? பேச்சியம்மாளிடம் பொய்யைச் சொன்னாலோ இரண்டு பேரிடமும் ஒரே பேச்சு. இதிலும் வாதம் எவ்வளவு நேர்த்தியாக ஓடுகிறது பார். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது, பொய் சொல்கிறவர்களை மேடையில் கிழித்திருக்கிறாள். அப்படியென்றால் இது பொய்யாக இல்லாமல் இருக்க வேண்டும். மடியில் கட்டைவிரல் நகர்ந்தது. நீலச் சட்டைக் கை தட்டுகிற இடத்தில் படம் உறைந்து நின்றது. அழிக்கவா? ஆம். கைப்பேசிக்கு அவளைவிட இரக்கம் அதிகம், குப்பைத் தொட்டியில் முப்பது நாள் வைத்திருப்பதாகச் சொன்னது. குப்பைத் தொட்டிக்குள் போனாள். நிரந்தரமாக அழிக்கவா, திரும்பப் பெற முடியாது. "முப்பத்தெட்டு, உங்களுக்கு உதவி தேவைப்பட்டபோது கேட்க ஆள் இருந்தார்களா," என்று பரணிதரன் வாசித்தான், "ஒன்பது." சரி, என்றாள், விரலையும் அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி அதே இரண்டில் சுற்றியது. எதிர்க் கட்டடத்து மணி நாலு அடிப்பதற்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது, ஆறு நிமிடம் இருக்கும்போதே பதில் போட்டுவிடுகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு சின்ன நேர்மைகூடத் தோன்றியது. நாலு நாளாகக் கிடந்த செய்திக்கு, எழுத்தெழுத்தாக, இரண்டு முறை அழித்துத் திருத்தி, பேச்சியம்மாளுக்கு எழுதினாள்:

'இப்பதான்மா பாத்தேன். வீடியோ எங்கிட்ட இல்ல.'